மச்சினன் பிடித்த கயிறு

என் அண்ணன் பெனிஸ்டன் தன் எடை அறுபத்தெட்டு கிலோ என்று சொன்னான். நான் நோட்டில் எழுதினேன். அப்போது அவன் நான்காவது பொரிச்ச பரோட்டாவைச் சால்னாவில் முக்கிக்கொண்டிருந்தான்.

“அறுபத்தெட்டா?” என்றாள் மைனி. அண்ணன் மனைவி ஜெயஷீலாவை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன்.

“கப்பல்ல ஏறுததுக்கு முந்தி மெடிக்கல்ல பாத்தது. சர்ட்டிபிகேட் இருக்கு.”

“அது நம்ம கல்யாணத்துக்கும் முந்தி.”

“எலும்பு அதேதானளா இருக்கு.”

அந்த எண் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பேசாமல் இருந்தேன். அதற்கு இரண்டு காரணங்கள். நான் எதையும் சட்டென்று சொல்லிவிடுகிறவள் இல்லை. உப்புக் கம்பெனி லேபில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். என் குரலைக் கேட்டே இராதவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இது ஒரு காரணம். இன்னொன்று, அந்த எண் பொய்யாக இருந்தால் அண்ணன் மேலே எழும்ப மாட்டான். என் எடை நாற்பத்தேழு.

நாங்கள் செய்யப்போகிற ஜைரோபிளேனில் நான் பறக்க ஆசைப்பட்டேன். அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஜைரோபிளேன் பார்ப்பதற்கு ஹெலிகாப்டர் போல இருக்கும். ஆனால் தலைக்கு மேலே சுற்றுகிற இறக்கைகளை இஞ்சின் சுழற்றுவதில்லை. ஓலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது தானாகச் சுற்றும் அல்லவா, அதே விஷயம்தான். வண்டி முன்னால் போகப் போகக் காற்று இறக்கைகளைச் சுழற்றும். சுற்றுகிற இறக்கைகள் வண்டியைத் தூக்கும். அண்ணன் கப்பலில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவன். இப்போது விசைப்படகு இஞ்சின்களைப் பழுதுபார்க்கிறான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கொட்டகையில் ஜைரோபிளேன் செய்வதை ஒரு நாள் போனில் பார்த்தான். “இதுல என்ன இருக்கு? நாலு குழாய், ஒரு பேரிங்கு,” என்றான். மறுநாளே குழாய் வாங்கிவிட்டான்.

இஞ்சின் வைப்பது இரண்டாம் கட்டம். முதலில் இஞ்சின் இல்லாமல், வண்டியில் கயிறு கட்டி இழுத்து, பத்தடி உயரத்தில் பழக வேண்டும். அண்ணன் சேர்ந்திருந்த இணையக் குழுவில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். ‘அவசரப்பட்டவர்கள் யாரும் இப்போது இந்தக் குழுவில் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் அண்ணனுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

கணக்கு என் வேலை. நான் பிஎஸ்சி இயற்பியல். அறுபத்தெட்டு கிலோ ஆளுக்கு, இரண்டு இறக்கைகளும் சேர்ந்து முனையிலிருந்து முனை வரை ஆறரை மீட்டர் வந்தது. எண்பத்தைந்து கிலோ என்றால் ஏழு மீட்டர். அந்தக் கணக்கையும் நான் போட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில், பென்சிலால்.

பட்டறைக்குப் பின்னால் நான்கு மாதம் வேலை நடந்தது. அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம். பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் மூன்று. நீலப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால்களை அறுத்து எறிந்துவிட்டு, அதை இருக்கையாகப் போல்ட் போட்டோம். ஃபைபர் படகு செய்கிற இடத்தில் இறக்கைகள் வார்த்தார்கள். ஒரு இறக்கை மற்றதைவிட இருநூற்றுப் பத்து கிராம் அதிகமாக இருந்தது. லேபில் உப்பு மூட்டை நிறுக்கிற தராசில் போட்டுக் கண்டுபிடித்தேன். எடை குறைந்ததன் முனையில் ஈயத் தகடு பதித்துச் சமன் செய்தோம்.

அனுமதி கேட்கக் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் படங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இது வண்டியா, விமானமா?”

“இஞ்சின் கெடையாது சார். கயிறு கட்டி இழுக்குதோம்,” என்றான் அண்ணன்.

“கயிறு இருக்குல்லா? அப்ப பட்டம். வாகைக்குளம் ஏர்போர்ட் பக்கம் கொண்டு போயிராதிய. எவ்வளவு உசரம்?”

“பத்தடி சார்.”

“எங்க வீட்டு மாடியே பன்னெண்டு அடி,” என்று படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இடம் கிடைத்தது என்னால். எங்கள் கம்பெனிக்கு உப்புக் கொடுக்கிற நயினார் அண்ணாச்சியின் உப்பளத்தில் நடுவே ஒரு பாதை உண்டு. லாரி போகிற அகலம், ஐநூறு மீட்டர் நீளம், நேராக மேற்கே பார்த்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. நான் மெசேஜில் கேட்டேன். அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். “வேகம் மட்டும் முப்பதத் தாண்டப்படாது தாயீ. வரப்பு அதிர்ந்து ஒடைஞ்சா பாத்தி போச்சு,” என்றார்.

முப்பது எங்களுக்குப் போதும். ஆடி மாதக் கச்சான் காற்று மேற்கிலிருந்து காலையிலேயே பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் வீசும். இழுக்கிற வண்டி முப்பதில் போனால் இறக்கைக்கு நாற்பத்தைந்து கிடைக்கும். அறுபத்தெட்டு கிலோ ஆளை அது தூக்கிவிடும்.

அடுத்தது கயிறு. அந்தப் பேச்சு வந்தபோதுதான் மைனியின் தம்பி பெவின் உள்ளே நுழைந்தான்.

பெவின் சங்கு குளிக்கப் போகிறவன். முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடம் தாண்டிவிட்டது, ஆனால் சங்கு குளிப்பு நிற்கவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் படகில் நின்று பிடிக்க வேண்டும். அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்த அண்ணன் தம்பி பிடித்தால் சொத்து ஞாபகம் வரலாம். மச்சினன் பிடித்தால் அக்கா தாலி ஞாபகம்தான் வரும்.

“அத்தான் பறக்காருன்னா கயிறு எங் கையிலதான்,” என்றான் பெவின்.

“இது கடலு இல்லலே.”

“கயிறு கயிறுதான அத்தான்.”

யாருக்கும் அதில் மறுப்பு இல்லை. நான் பெவினுக்கு வேலையை விளக்கினேன். இழுக்கப்போவது ஒரு குட்டியானை லோடு வண்டி. அதன் பின்பக்கம் ஒரு கொக்கி, கொக்கிக்குக் குறுக்கே ஒரு பின். கயிற்றின் வளையம் அந்தப் பின்னில் மாட்டியிருக்கும். பின்னை உருவினால் கயிறு தானாகக் கழன்று விழும். பறக்கிறவர் கைக்குப் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு.

“மெஷின் கோணலாப் போச்சுன்னா உடனே பின்னை உருவிரணும்,” என்றேன்.

“உருவுனா?”

“கயிறு விட்டுரும்.”

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தான். “விடுததா? எங்க தெருவுல ஒரு தாத்தா கயித்த விட்டுட்டாராம். அவரு பேரன இன்னைக்கும் கயித்தவிட்டான் வீடுன்னுதான் சொல்லுதாக. அவனுக்குப் பொண்ணு கெடைக்கல.”

“இங்க விட்டாத்தான் நல்லது.”

“சரி, சரி,” என்றான். அந்த ‘சரி’யை நான் நம்பியிருக்கக் கூடாது.

வண்டி ஓட்டுவது மைனி. அவள் தருவை மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வண்டிகளுக்குப் பின்னால் ஓடி ஓடி அவள் குரல் கரகரத்துப்போயிருக்கும். முப்பது என்றால் முப்பதில் முள்ளை நிறுத்துகிற கால் அவளுக்கு.

முதல் இரண்டு ஞாயிறும் நாங்கள் தரையை விட்டுக் கிளம்பவில்லை. அதுதான் திட்டம். மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து ஏழரைக்கு உப்பளத்துக்குப் போவோம். ரோட்டரை, அதாவது மேலே இருக்கிற இறக்கைகளை, முதலில் கையால் தட்டித் தட்டிச் சுழற்ற வேண்டும். பிறகு வண்டி நடைவேகத்தில் போகும். ரோட்டர் வேகம் ஏற ஏறத்தான் வண்டி வேகம் ஏறலாம். வண்டி முந்திக்கொண்டால் இறக்கைகள் மேலும் கீழும் துள்ளிச் சட்டத்தில் அடித்துவிடும். நான் ஒரு இறக்கை முனையில் சிவப்பு டேப் ஒட்டிப் போனில் படம் எடுத்தேன். அதை மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சுற்றுகளை எண்ணினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு சக்கரத்தில் சமன் செய்யப் பழகினான். அதை நன்றாகவே செய்தான். பார்க்கும்போது எனக்குக் கை அரித்தது.

மூன்றாவது ஞாயிறு பறப்பதாக இருந்தது.

முதல் ஓட்டம்: முப்பது. முன்சக்கரம் தூக்கியது. பின்சக்கரங்கள் தரையிலேயே உருண்டன. இரண்டாவது ஓட்டத்திலும் அதேதான். சக்கரங்கள் கொஞ்சம் துள்ளின, அவ்வளவுதான்.

“காத்து பத்தல,” என்றான் அண்ணன். நெற்றியெல்லாம் வியர்வை. எனக்குக் காரணம் தெரியும். இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவன் மைனி பக்கம் திரும்பினான். “ஏளா, முப்பத்தஞ்சு போ.”

“அண்ணாச்சி முப்பதுன்னாரு.”

“ஒரே ஒரு தடவ.”

மைனி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன்.

முப்பத்தைந்தில் அது எழும்பியது. ஒரு அடி இருக்கும். அண்ணன் “ஏ...” என்று கத்தினான். அந்த நொடியில் இடப்பக்கமிருந்து ஒரு காற்று வந்து மெஷினை வலப்பக்கம் தள்ளியது. அண்ணன் பதறி, இறக்கையைச் சாய்க்கிற கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தன் பக்கத்துப் பின்னை அவன் மறந்தே போனான். மெஷின் பாதையின் ஓரத்துக்குப் போய்விட்டது. கயிறு சாய்வாக விறைத்து நின்றது.

நான் வண்டியின் பின்பக்கம் பெவினுக்குப் பக்கத்தில் இருந்தேன். “விடு,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெவின் காலை உதைத்துக்கொண்டு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான். நான் குனிந்து பின்னை உருவினேன். பின் கையோடு வந்துவிட்டது.

கயிறு போகவில்லை.

பின்னுக்குப் பின்னால் அதே கயிற்றின் மிச்ச முனை, வண்டியின் இரும்புக் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. நனைந்தாலும் காய்ந்தாலும் அவிழாத கடல் முடிச்சு. நான் கேபினைத் தட்டினேன். மைனி பிரேக் போட்டாள். அதற்குள் மெஷின் பாத்திக்குள் இறங்கி, மெதுவாக, யாரோ படுக்கவைப்பதுபோல வலப்பக்கம் சாய்ந்தது. இறக்கை தண்ணீரையும் சேற்றையும் அள்ளி எறிந்தது. ஒரு முனை ஒடிந்து பறந்தது.

எல்லாரும் ஓடினோம். அண்ணன் நீல நாற்காலியில் கட்டுண்டு பக்கவாட்டில் கிடந்தான். முழங்கால் ஆழம்கூட இல்லாத உப்புத் தண்ணீர்.

“எரியுதுலே!” என்று கத்தினான். முழங்கையில் சிராய்ப்பு, அதில் உப்பு. மற்றபடி ஒன்றுமில்லை.

பெவின் தண்ணீரில் விழுந்து அவன் பெல்ட்டை அவிழ்த்தான். “அத்தான், நான் விடல அத்தான்! கடைசி வரைக்கும் விடவே இல்ல!”

“அதாம்லே நான் இங்கன கெடக்கேன்!”

உப்பளத்து ஆட்கள் குளிக்கிற குழாயடியில் அண்ணனை உட்காரவைத்து மைனி தண்ணீர் ஊற்றினாள். கயிற்றைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அந்த முடிச்சை அவள் பெவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“இது யாரு போட்டது?”

“பின்னு வழுக்கிருச்சுன்னா அத்தான் என்னாவாரு? அதான் ஒரு கட்டு போட்டு வச்சேன். பாதுகாப்புக்கு.”

“பாதுகாப்பாத்தான் பாத்தியில படுக்கவச்சிருக்க.”

“அவன் கெடக்கான் விடு,” என்றான் அண்ணன். “முதல்ல அது ஏன் எழும்பல? அதச் சொல்லுங்க. ஜெனிட்டா, கணக்குத் தப்பா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன்.

“கணக்குச் சரிதான். எடைதான் தப்பு. நீ எண்பத்தஞ்சுக்கு மேல இருப்பண்ணே. எழுதும்போதே எனக்குத் தெரியும்.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். ஏழு மீட்டர். அண்ணன் ஈரக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். பென்சில் எழுத்து அவன் பெருவிரலில் ஒட்டியது.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீ எழும்பலன்னா நான் போலாம்னு நெனச்சேன்.”

இதைச் சொல்லி முடித்ததும் எனக்குக் காது சூடானது. அண்ணனுக்கு முகம் மாறியது. கோபம் என்றுதான் நினைத்தேன். அவன் முழங்கையை ஊதிக்கொண்டான். பிறகு மைனியிடம், “எண்பத்தஞ்சு இருப்பனா?” என்று கேட்டான்.

“தொண்ணூறு. கல்யாணச் சட்டைய நாலு தடவ பிரிச்சுத் தச்சவ நான்.”

“நீயாவது சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னனே. எலும்பு அதேதான்னிய.”

பெவின்தான் முதலில் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாதவனும் அவன்தான். அண்ணன் கையில் கிடைத்த ஈரத் துண்டை அவன்மேல் எறிந்தான். அதன் பிறகு எல்லாருமே சிரித்துவிட்டோம். என்னிடம் மட்டும் அண்ணன் தனியாக, சிரிப்பு அடங்கியபின், “ஆச இருந்தா கேக்கணும்ளா. நான் கடிச்சா வைக்கப் போறேன்?” என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அது எனக்கு உறைத்தது. தன் கழுத்தே முறிந்திருக்கலாம் என்பதை அவன் சொல்லவில்லை. நான் அந்த வாரம் முழுதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நயினார் அண்ணாச்சி குடையோடு பாத்தியைப் பார்க்க வந்தார். சேறாகிப்போன உப்பைக் காலால் தள்ளிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், “ஆளுக்கு ஒண்ணுமில்லல்லா? அடுத்த தடவ எப்பன்னு சொல்லு தாயீ, நானும் வாரேன்,” என்றார். “ஆனா முப்பதுதான்.”

ஏழு மீட்டர் இறக்கைக்குப் புது அச்சு வேண்டும். இரண்டு மாதம் ஆகும். அதற்குள் கச்சான் நின்றுவிடும். ஒடிந்த முனையை ஒட்டினால் பழைய இறக்கை பத்து நாளில் தயார். ஆனால் அது தொண்ணூறு கிலோவைத் தூக்காது. அன்று இரவுச் சாப்பாட்டில் இதைத்தான் பேசினோம். அண்ணன் இரண்டு இட்லியோடு கை கழுவினான்.

“நான் போறேன்,” என்றான் பெவின். “அம்பத்தெட்டுதான் இருக்கேன்.”

“ஒனக்குக் கயிறு யாரு பிடிப்பா?” என்றாள் மைனி. “ஒனக்குப் பொண்டாட்டியே இல்ல. மச்சினனுக்கு எங்க போவ?”

“அத்தான் பிடிக்கட்டும்.”

“அக்கா புருசன் பிடிக்கலாமாலே? நீதான சட்டம் பேசுன?” என்றான் அண்ணன். “பாத்தியில போட்டதுக்கு நான் வேற பழிவாங்கணும்.”

பெவின் யோசித்தான். அவன் உண்மையிலேயே யோசித்தான் என்பதுதான் வேடிக்கை. “அப்ப வேண்டாம்,” என்றான்.

நான் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். தண்ணீர் குடித்தேன்.

“நான் போறேன்,” என்றேன்.

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

“ஒனக்கு மட்டும் மச்சினன் இருக்கானா?” என்றான் பெவின்.

“எனக்கு மச்சினன் வேண்டாம். பின்னை உருவுற ஆள் போதும்.”

மைனி கையை நக்கிவிட்டு எழுந்தாள். “இவனுக்கு உருவ நான் சொல்லித்தாரேன். நாளைக்கு ஆறு மணிக்குத் தருவைக்கு வாலே.”

தருவை மைதானத்தில் மைனியின் வகுப்பு இப்படி நடக்கும். கற்றுக்கொள்ளும் பெண் ஸ்கூட்டரில் உட்காருவாள். மைனி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். ஒரு கட்டத்தில் சொல்லாமல் கையை எடுத்துவிடுவாள். வண்டி போய்க்கொண்டே இருக்கும். முந்நூறு பெண்களை அவள் இப்படி விட்டிருக்கிறாள். எப்போது விட வேண்டும் என்பதுதான் அவள் தொழில்.

முதல் நாள் பெவின், வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அக்காவின் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைப் பதினோரு தடவை சுற்றினான். விடவில்லை. “ஏலே விடுலே! விடு!” என்று மைனி கத்தினாள். அந்த அக்காவும், “தம்பி விடுங்க, வண்டி நகர மாட்டேங்குது,” என்றாள். பெவின், “விழுந்துருவிய,” என்றான். இரண்டாம் நாள் விட்டான், உடனே மறுபடி பிடித்தான். அந்த அக்கா கீழே விழுந்தது அப்போதுதான். எழுந்து நின்று அவனைத் திட்டினாள். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். ஐந்தாம் நாள் கையை எடுத்தான். வண்டி போய்விட்டது. அவன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெறுங்காற்றைப் பிடித்தபடி இருபது மீட்டர் ஓடினான். பிறகு நின்று, தன் கைகளைப் பார்த்தான்.

“பாத்தியா?” என்றாள் மைனி.

“போயிட்டாகக்கா,” என்றான். குரலில் ஆச்சரியம்.

ஆவணி முதல் ஞாயிறு. காற்று பதினாறு. எனக்கு வேண்டியது நாற்பத்தொன்று, ஆகவே வண்டி இருபத்தைந்தில் போனால் போதும். அண்ணாச்சி ஒரு நாற்காலி கொண்டுவந்து பாதை ஓரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மெஷினைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு வண்டியின் பின்னால் போய்க் கொக்கியைப் பார்த்தேன். பெவின் கயிற்றின் மிச்ச முனையை எனக்குத் தூக்கிக் காட்டினான். அது எதிலும் கட்டப்படாமல் தொங்கியது.

“ஒரு கையால பின்னு. இந்தக் கைய என் தொடைக்குக் கீழ வச்சு உக்காந்துக்கிடுதேன். இல்லன்னா அது தானாப் போயிப் பிடிச்சிரும்,” என்றான்.

மைனி கேபினில் ஏறினாள். அண்ணன் எனக்குப் பெல்ட் மாட்டினான். அவன் இப்போது எண்பத்தேழு கிலோ. ரோட்டரைத் தட்டிவிட அவன் உயரம்தான் சரி.

“பத்தடிக்கு மேல போகாத. வண்டி மெதுவானா நீயும் கயித்தோட கூடவே எறங்கு. கயித்த நீயா விட வேண்டாம். இன்னைக்குக் கயித்தோடதான் எறங்கணும். புரிஞ்சுதா?”

தலையை ஆட்டினேன். அவன் இறக்கையைத் தட்ட ஆரம்பித்தான். சிவப்பு டேப் தலைக்கு மேல் போய்ப் போய் வந்தது, பிறகு ஒரு வட்டமானது. வண்டி நகர்ந்தது. நடைவேகம். நான் கம்பைப் பின்னால் சாய்த்துக் காற்றை வாங்கினேன். ரோட்டரின் சத்தம் மாறியது. துணி உதறுகிற சத்தமாக இருந்தது, ஒரே முனகலாக ஆனது. முன்சக்கரம் தூக்கியது. மைனி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். சக்கரங்களின் கடகடப்பு நாற்காலி வழியாக என் முதுகில் ஏறியது.

பிறகு அந்தக் கடகடப்பு நின்றது.

எவ்வளவு எளிதாக நின்றது என்பதுதான் எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. கீழே பாத்திகள் தெரிந்தன. சில வெள்ளை, சில ரோஸ், சில வெறும் வானம். கம்பை நூலளவு அசைத்தால் மெஷின் யோசித்துவிட்டு அசைந்தது. அதன் யோசனைக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று முதல் ஐம்பது மீட்டரில் புரிந்துகொண்டேன். எதிரே குட்டியானையின் பின்பக்கம் பெவின் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கை தொடைக்கு அடியில்தான் இருந்தது. கயிறு எங்களுக்கு நடுவே லேசாகத் தொய்ந்து கிடந்தது.

முந்நூறு மீட்டர். மைனி வேகத்தைக் குறைக்கப் போகிறாள். நான் பத்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தேன். எல்லாம் சமமாக இருந்தது. கயிற்றைப் பார்த்தேன். எனக்கு அது இல்லாமல் வேண்டும் என்று தோன்றியது. இரண்டு நொடியானாலும் போதும்.

என் பக்கத்துப் பின்னை உருவினேன்.

கயிறு விழுந்தது. மெஷின் முன்னால் மூக்கைத் தாழ்த்தியது, நான் பிடித்துக்கொண்டேன். இழுக்க யாரும் இல்லாத அமைதி. காற்று மட்டும். தரை என்னை நோக்கி வந்தது, நான் கம்பைப் பின்னால் கொண்டுவந்தேன், பின்சக்கரங்கள் தொட்டன, ஒரு தடவை குதித்தன, மறுபடி தொட்டன. நின்றேன்.

பெவின் ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து குதித்து, கயிற்றை வாரிச் சுருட்டிக்கொண்டே ஓடிவந்தான். “நான் உருவல! மாதா மேல சத்தியமா நான் உருவவே இல்ல! அந்தப் பக்கத்துப் பின்னு வழுக்கிட்டு!” பின்னாலிருந்து அண்ணன் முந்நூறு மீட்டரும் ஓடிவந்தான். வந்து பேச முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைனி வண்டியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள்.

“சொன்னன்லா, பின்னுக்கு ஒரு கட்டு போடணும்னு...” என்று பெவின் ஆரம்பித்தான்.

“வழுக்கல,” என்றேன். “நான்தான் விட்டேன்.”

“நீயா?” என்றான் அண்ணன். “நான் என்ன சொன்னேன்?”

“கயித்தோட எறங்கச் சொன்ன. எனக்குக் கயிறு இல்லாமப் போகணும்னு ஆச. அதான்.”

அண்ணன் மூச்சு வாங்கினான். மைனி என் பெல்ட்டை அவிழ்த்தாள். தூரத்தில் நயினார் அண்ணாச்சி நாற்காலியில் ஏறி நின்று துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கயிறு முதலில் விழுந்த இடத்தில் உப்புப் பொடியில் நீளமாக ஒரு தடம் இருந்தது. அங்கிருந்து என் சக்கரத் தடம் தொடங்கும் இடம் வரை தரையில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததை நான் டேப் வைத்து அளந்தேன். பெவின் மறுமுனையைப் பிடித்தான்.

“பதினோரு மீட்டர்.”

“இருபதுன்னு எழுதுளா,” என்றான் அண்ணன். “குழுவுல போடணும்லா.”

“பதினொண்ணுதான்.”

“பதினஞ்சாவது போடு.”

“அவ்வளவு வேணும்னா இன்னொரு தடவ போறேன்,” என்றேன்.

காற்று இன்னும் இருந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. யாரும் பதில் சொல்வதற்குள் நான் சட்டத்தைப் பிடித்து மெஷினைத் திருப்ப ஆரம்பித்தேன்.